எங்கள் களப்புப் பாலத்தை உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம், கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

துறையடி
திங்கள், இரவு 9.40

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியார் குடாவை ஒட்டிய ஒரு களப்பங்கரை (கடலோடு சேர்கிற உப்புத் தண்ணீர் ஏரிக் கரை) ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுதவில்லை, அலுவலகத்தில் இருக்கிற ஒரு சிலர் நல்ல எண்ணத்தோடு விஷயம் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது.

களப்புக்குக் குறுக்கே ஒரு கொங்கிரீட் பாலம் இருக்கிறது. அதற்கு என்னை விட வயது கூட. ஒரு வாகனம் மட்டும் போகிற அகலம், எதிரே பஸ் வந்தால் இந்தக் கரையில் நின்று வழி விட வேண்டும், அது பழகிப் போன விஷயம். ஆனால் இப்போது கைப்பிடிச் சுவரில் பாதி இல்லை. தூண்களில் கொங்கிரீட் உரிந்து கம்பி மீன் முள்ளு மாதிரி வெளியே தெரிகிறது. கடந்த மாரி முடிந்ததும் பாரமான வாகனம் போகக்கூடாது என்று பலகை போட்டார்கள். அன்றிலிருந்து பஸ் அந்தக் கரையிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. வெள்ளாமை வெட்டின நேரம் நெல் லொறி வர வழியில்லாமல் மூட்டைகளை லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் அக்கரையில் ஏற்றினோம், இரண்டு தரம் ஏற்றுகூலி.

இப்போது புதுப் பாலத்துக்குக் காசு வந்திருக்கிறது என்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் சொல்கிற திட்டம் என்னவென்றால் பழையது நிற்கிற அதே இடத்தில்தான் புதியது வரும், அதனால் முதலில் பழையதை உடைப்பார்களாம், வேலை முடிய ஒன்றரை வருடமாம், அதுவரைக்கும் நாங்கள் பாதையில் போய் வர வேண்டுமாம். (வெளி ஆட்களுக்கு: இங்கே பாதை என்றால் வீதி இல்லை, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கயிற்றில் இழுத்துப் போகிற மிதவை.) ஊரில் ஒரு பகுதி, வருகிற சீதேவியைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பாதே என்கிறது. இன்னொரு பகுதி, பழையதையே திருத்தித் தரச் சொல், போதும் என்கிறது. என்னுடைய மகள் ஆறாம் ஆண்டு, பள்ளிக்கூடம் அக்கரையில். பாதை என்று அவர்கள் சொன்னதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை.

வருகிற வியாழக்கிழமை பின்னேரம் ஊர் ஆட்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கிறார்கள். பாலம் கட்டுகிற வேலை தெரிந்தவர்கள், இப்படி ஒன்றைத் தாண்டி வந்த ஊர்க்காரர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள். பழையதைத் திருத்த முடியுமா? முடியாது என்றால் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?


பழைய ஓவசியர்
திங்கள், இரவு 11.15

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் வீதி வேலையும் பால வேலையும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

கம்பி வெளியே தெரிகிற அளவுக்கு வந்துவிட்ட உப்புத் தண்ணீர்ப் பாலத்தைப் பூசித் திருத்துவது காசை ஆற்றில் போடுகிற வேலை. புதுக் கொங்கிரீட்டுக்குள் நல்ல காரத் தன்மை இருக்கும், அது கம்பியைச் சுற்றி மெல்லிய கவசம் மாதிரி நின்று துரு பிடிக்காமல் காக்கும். களப்புத் தண்ணீரில் இருக்கிற உப்பு வருடக் கணக்கில் ஊறி ஊறிக் கம்பி வரை போனதும் அந்தக் கவசம் உடைந்துவிடும். இரும்பு துருவாக மாறினால் இரண்டு மூன்று மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே பருத்துவிடும். உள்ளே இடம் இல்லாததால் கொங்கிரீட்டை வெடிக்க வைத்துத் தள்ளுகிறது. நீங்கள் பார்க்கிற உரிசல் அதுதான். எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிற பகுதி அவ்வளவு கெடாது, அங்கே காற்று குறைவு. தண்ணீர் ஏறி இறங்கி அலை தெறிக்கிற அந்த மட்டத்தில்தான் உப்பும் காற்றும் ஈரமும் சேர்ந்து கம்பியைத் தின்னும். தோணியில் கீழே போய்த் தூணைப் பாருங்கள், விளங்கும்.

சரி, உரிந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதுக் கொங்கிரீட் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தோம். ஒட்டுப் போட்ட இடம் நன்றாக நிற்கும், ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் அதற்குப் பக்கத்தில் வெடிக்கும். ஏனென்றால் ஒரே கம்பியில் ஒரு துண்டு புதுக் கொங்கிரீட்டுக்குள்ளும் மற்றத் துண்டு உப்பு ஊறின பழைய கொங்கிரீட்டுக்குள்ளும் இருந்தால் அது ஒரு பற்றரி மாதிரி வேலை செய்து பழைய பக்கத்தை இன்னும் வேகமாக அரிக்கும். இதைத் தடுக்க மின்சாரம் கொடுத்துக் கம்பியைக் காக்கிற முறையும் இருக்கிறது, ஆனால் ஒரு வாகனம் மட்டும் போகிற ஒடுக்கமான பாலத்துக்கு அவ்வளவு செலவு செய்வதில் அர்த்தம் இல்லை. ஆகவே புதுப் பாலம் வேண்டும் என்பதில் சந்தேகம் வைக்காதீர்கள், ஊரில் அதற்காகப் பிரிந்து நிற்கவும் வேண்டாம்.

உங்களுக்கு நித்திரை வராததற்கான காரணம் வேறு, அது சரியான காரணம். புதுப் பாலம் எப்படி இருக்கும் என்று படம் காட்டுவார்கள், எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது உடைக்கிற நாளுக்கும் திறக்கிற நாளுக்கும் இடையில் உங்கள் ஊர் எதில் நடக்கும் என்பதைத்தான். அதே இடத்தில் கட்டினால் காணி எடுக்க வேண்டாம், இருக்கிற வீதியோடு நேராகப் பொருந்தும், அலுவலகத்துக்கு அது லேசு. ஆனால் பக்கத்தில் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் புதியது திறக்கும் வரை பழையதில் நடையும் மோட்டார் சைக்கிளும் ஓடும். அதை முதலில் கேளுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அதற்கும் வழியில்லை என்றால் பெய்லி பாலம். இரும்புச் சட்டங்களைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்துகிற தற்காலிகப் பாலம், உலக யுத்த காலத்து வடிவம், இன்றைக்கும் அதை வெல்ல ஒன்று வரவில்லை. டித்வா புயலுக்குப் பிறகு 2025 டிசம்பரில் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் வந்து 120 அடிக்கு ஒன்று போட்டார்களே, அதே வகை. உங்கள் களப்பு அதை விட அகலமாக இருந்தால் நடுவில் தாங்கு தூண் வைத்துப் போடலாம்.

இன்னொன்று. மாரி. எங்கள் பக்கத்து மழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை. தண்ணீருக்குள் செய்கிற வேலை, பைல் (பாலத்தைத் தாங்க அடி மண்ணுக்குள் ஆழமாகப் போடுகிற தூண்) இறக்குவது, அடித்தளம் போடுவது எல்லாம் பங்குனி சித்திரையில் தொடங்கிப் புரட்டாசிக்குள் மேலே வந்துவிட வேண்டும். ஆவணியில் வேலை தொடங்கினால் அந்த வருடம் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் உடைக்கப் போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.


களப்புத்தொழில்
செவ்வாய், காலை 5.50

நான் இந்தத் தண்ணீரில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவன். ஓவசியர் ஐயா சொன்னது எல்லாம் வீதிப் பக்கத்து நியாயம், தண்ணீர்ப் பக்கத்தில் இருந்தும் கொஞ்சம் பாருங்கள்.

பாலம் கட்ட வருகிறவர்கள் முதலில் செய்வது இயந்திரம் இறங்க மண் கொட்டிக் களப்புக்குள் ஒரு மேடை போடுவது. கரையில் இருந்து நடு வரை கிறவல் மண். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வேலை நடந்தபோது அந்த மண்ணை முழுதாக எடுக்காமலே போய்விட்டார்கள். தண்ணீர் ஓடுகிற வாய் ஒடுங்கிப் போனது. இறால் குஞ்சு கடலில் இருந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து கண்டல் வேருக்குள் வளர்ந்துதான் பெரிதாகும், ஓட்டம் குறைந்தால் குஞ்சும் குறையும், உள் பக்கம் சேறு ஏறும். மாரித் தண்ணீர் வெளியேறவும் நேரம் எடுக்கும், அப்போது வயல்காரனும் அழுவான். மண் மேடை போட்டால் அடியில் குழாய் வைத்துத் தண்ணீர் ஓட விட வேண்டும், வேலை முடிந்த பிறகு ஒரு கூடை மண் விடாமல் எடுக்க வேண்டும், எடுத்ததை எங்கள் சங்கத்து ஆட்கள் வந்து பார்த்த பிறகுதான் ஒப்பந்தகாரருக்குக் கடைசிக் காசு கொடுக்க வேண்டும். இதை எழுதி வாங்குங்கள்.

பழைய தூண். உடைக்கிறோம் என்று தண்ணீருக்கு மேலே தெரிகிறதை மட்டும் வெட்டிவிட்டுப் போவார்கள். தண்ணீருக்கு ஒரு முழம் கீழே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற கட்டையை இருட்டில் யார் காண்கிறது? என்னுடைய வலை அப்படி ஒன்றில் கிழிந்திருக்கிறது, மச்சானுடைய தோணியின் அடிப் பலகையும் போனது. அடி மண்ணுக்குக் கீழே வரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

உயரமும் கேளுங்கள். இப்போதுள்ள பாலத்துக்குக் கீழே மாரியில் குனிந்து படுத்துக்கொண்டு போகிறோம். 2025 நவம்பர் கடைசியில் மாவிலாறு அணை உடைந்து தண்ணீர் வந்த அந்த நாளை வைத்து உயரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும், வெயில் காலத்தில் வந்து அளந்துவிட்டுப் போகக்கூடாது.


கிண்ணியா ஆசிரியை
செவ்வாய், மதியம் 1.20

தம்பி துறையடி, உங்கள் பதிவில் பாதை என்ற சொல்லைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டேன்.

2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணி. அங்கேயும் இதே கதைதான், புதுப் பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, அந்தக் காலத்தில் ஆட்கள் களப்பைக் கடக்க மிதவைப் பாதை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம் அது கவிழ்ந்தது. அன்றைக்கே 6 பேர் போனார்கள், சீருடையோடு போன பிள்ளைகளும் அதில். பிறகு ஆஸ்பத்திரியிலும் இறந்தார்கள். கரையில் இருந்து பார்த்தால் எதிர்க்கரை தெரிகிற தூரம்தான். அவ்வளவு கிட்டத்தில். அதற்குப் பிறகுதான் கடற்படை வந்து பாதுகாப்பு அங்கியோடு ஆட்களை ஏற்றி இறக்கத் தொடங்கியது. அந்த ஏற்பாடு ஏன் முதல் நாளே இருக்கவில்லை என்று அன்றைக்கு அழுத தாய்மார் எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

அதனால் கூட்டத்தில் யாராவது எழும்பி "கொஞ்சக் காலம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், எங்கள் பிள்ளைகளின் உயிரை வைத்துப் பொறுக்க முடியாது என்று சொல்லுங்கள். சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, குறிஞ்சாக்கேணி என்று பெயரைச் சொன்னாலே அந்த மேசையில் இருக்கிறவர்களுக்கு விளங்கும்.

பாதைதான் என்று முடிவானால்: எத்தனை பேர் ஏறலாம் என்பது பெரிய எழுத்தில் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றாமல் தடுக்க ஒரு அரசாங்க ஆள் கரையில் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவு அங்கி, பெரியவர்களுடையதைப் போட்டால் தலை வழியாகக் கழன்றுவிடும். மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஒன்றாக ஏறக்கூடாது. இது முக்கியம், ஏனென்றால் ஒரு பக்கம் பாரம் சாய்ந்தால் ஆட்களும் பயத்தில் அதே பக்கம் ஓடுவார்கள். காற்று எழும்பின நாளில் பாதை ஓடாது என்றால் அன்று பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையை யாரும் பேசக்கூடாது, அதை நீங்கள் அதிபரோடு முதலே கதைத்து வையுங்கள். பெரிய பரீட்சை நாட்களில் அக்கரையில் தங்க வீடு பாருங்கள். எங்கள் ஊரில் அப்படித் தங்கிப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு நீந்தத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே தொடங்குங்கள்.


மூதூர் லொறி
செவ்வாய், பின்னேரம் 6.05

எல்லோரும் சொல்வது சரிதான், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிபந்தனை கூடினால் கோப்பு திரும்பிப் போகும். இடத்தைத் தள்ளி வை என்று கேட்டால் புதிதாக மண் பரிசோதனை, புதிதாக வரைபடம், காணி எடுக்க வழக்கு, இப்படியே மூன்று வருடம். அதற்குள் அரசாங்கம் மாறும், அமைச்சர் மாறுவார், காசு வேறு மாவட்டத்துக்குப் போகும். 2022இல் நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது வெளிநாட்டுக் காசில் ஓடின எத்தனை வேலை அப்படியே நின்றது என்று கண்ணால் கண்டோம்.

நான் லொறியில் கிளீனராகத் தொடங்கின காலத்தில் இங்கிருந்து மட்டக்களப்புக்குக் கடற்கரை வீதியால் போவது என்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, வெருகல் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். வரிசையில் முன்னுக்கு மீன் லொறி நின்றால் ஐஸ் கரைந்து வீதியெல்லாம் ஓடும். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு வந்த ஆட்டோவுக்காகக் கரையில் நின்ற முழு ஆட்களும் கயிறு இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர், அன்றைக்கு நாட்டிலேயே நீளமானது, சவூதி நிதியம் கொடுத்த காசு. அதற்குப் பின்னால் இரண்டு மூன்று வருடத்துக்குள் மற்ற இடங்களிலும் பாலம் வந்தது. முதல் நாள் கிண்ணியாப் பாலத்தில் லொறியை நிற்பாட்டாமல் ஓட்டிக் கடந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, நான் அழுகிற ஆள் இல்லை. அந்தப் பாலம் இன்றைக்கு எத்தனை பேரைப் பெரியாஸ்பத்திரிக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று எண்ண முடியாது.

ஆகவே தம்பி, கேளுங்கள், ஆனால் எல்லாவற்றையும் கேட்டு வேலையை நிற்பாட்டிவிடாதீர்கள். எது இல்லாவிட்டால் உயிர் போகுமோ அதை மட்டும் விடாமல் பிடியுங்கள். மற்றதை வேலை நடக்க நடக்க வாங்கலாம்.


பழைய ஓவசியர்
செவ்வாய், இரவு 8.30

லொறிக்காரத் தம்பியின் பயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன், காசு திரும்பிப் போனதை அலுவலகத்துக்குள் இருந்து கண்டவன் நான். ஆனால் மற்றதை வேலை நடக்க நடக்க வாங்கலாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை ஒப்பந்தகாரர் இலவசமாகச் செய்ய மாட்டார், அவர் மீது குற்றமும் இல்லை. தற்காலிகப் பாலம், மண் அகற்றல், பழைய தூண் வெட்டுதல் இவை எல்லாம் விலைப்பட்டியலில் ஒரு வரியாக இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. அந்த வரியைச் சேர்க்கிற நேரம் கேள்விப்பத்திரம் (டெண்டர்) போவதற்கு முன்னால், அதாவது இப்போது. ஒரு வரி சேர்க்க மூன்று வருடம் எடுக்காது.

நேற்று எழுத மறந்தது. பாலத்தின் பக்கத்தைப் பாருங்கள், குடிதண்ணீர்க் குழாய் தொங்குகிறதா? மின் கம்பி, தொலைபேசி வயர்? பாலம் போனால் அவையும் போகும். ஒரு இடத்தில் பாலத்தை உடைத்த அன்று பின்னேரம் அக்கரை ஊருக்குத் தண்ணீர் இல்லை. முதல் நாள் வரை ஒருவருமே அதை யோசிக்கவில்லை, கிழமைக் கணக்கில் பவுசரில் (தண்ணீர்த் தாங்கி லொறி) தண்ணீர் கொடுத்தோம்.


வாவிக்கரை
செவ்வாய், இரவு 10.10

மட்டக்களப்பில் இருந்து. எங்கள் கல்லடிப் பாலத்தை யாரும் இன்னும் சொல்லவில்லை. பழையது 1920களில் கட்டின இரும்புப் பாலம், ஆளுநர் மனிங் துரையின் மனைவி பெயரில். ஒரு பக்கத்து வாகனம் போகும் வரை மறு பக்கம் காத்து நிற்போம். ஜப்பான் உதவியில் புதியதை அதற்குப் பக்கத்திலேயே கட்டினார்கள், 2013இல் திறந்தது. கட்டி முடிகிற வரைக்கும் பழையதால்தான் போய் வந்தோம், ஒரு நாளும் ஊர் இரண்டாகவில்லை. பழையதை உடைக்கவும் இல்லை, இன்றைக்கும் பின்னேரத்தில் அதில்தான் நடக்கிறோம், தூண்டில் போடுகிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள். பக்கத்தில் கட்டுவது நடக்காத காரியம் என்று யாரும் சொன்னால் கல்லடிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் உங்களுடையது கொங்கிரீட், அதுவும் கம்பி தெரிகிற நிலை. அதை நினைவுக்கு என்று வைத்திருக்காதீர்கள்.


துறையடி
புதன், காலை 6.30

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர், மகளுக்கு நீந்தத் தெரியாது. எனக்குத் தெரியும், வாப்பா இந்தக் களப்பில்தான் பழக்கினார். நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள், தண்ணீரை விழுங்கி விழுங்கி அழுதாள். இன்றைக்கும் போவோம்.

நேற்றுப் பாலத்தின் பக்கத்தைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் இருக்கிறது ஐயா. இவ்வளவு நாளும் அதன் மேல் கால் வைத்துத்தான் தூண்டில் போட்டிருக்கிறோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்கத்தில் தள்ளிக் கட்டுவதென்றால் எங்கள் கரையில் மூன்று கடையும் ஒரு வீட்டு வளவும் போகும். அந்த வளவு ஒரு விதவைத் தாயுடையது. அவரிடம் போய் உங்கள் காணியைக் கேட்கச் சொல்லப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, பாலம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்கள் பரிசோதித்த அறிக்கை இருக்கும்தானே, அதை எங்களுக்குத் தருவார்களா?


கச்சேரிச் சந்தி
புதன், காலை 9.45

தருவார்கள், கேட்டால். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த நிறுவனத்தில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். பரிசோதனை அறிக்கை, புதுப் பாலத்தின் வரைபடம், தற்காலிகப் போக்குவரத்துக்கு ஒதுக்கின தொகை, இந்த மூன்றையும் கேளுங்கள். வியாழனுக்குள் வராது, ஆனால் கடிதம் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கின பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் காகிதத்துக்கு ஒரு பாரம் இருக்கிறது.

காணி எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம். முதலில் அறிவித்தல் ஒட்டுவார்கள், அளப்பார்கள், பிறகுதான் இழப்பீட்டு விசாரணை. அந்த அம்மாவிடம் உறுதிப் பத்திரமா, அனுமதிப் பத்திரமா, ஒன்றும் இல்லையா என்று பாருங்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் காகிதம் போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய. காகிதம் இல்லாவிட்டால் ஜி.எஸ். (கிராம சேவகர்) மூலம் இப்போதே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு இழுபடும். முதலில் அவரிடம் போங்கள், கூட்டத்துக்குப் பிறகு போகாதீர்கள். அடுத்தவர் வாயால் கேட்டால் மனம் உடையும்.


துறையடி
வியாழன், இரவு 10.50

கூட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூட மண்டபம் நிறைந்து வெளியேயும் ஆட்கள். நீங்கள் எல்லோரும் கூட இருந்த மாதிரிதான் இருந்தது, அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

வந்திருந்த பொறியியலாளர் இளம் ஆள், தமிழில் கதைத்தார், பொறுமையாகக் கேட்டார். முதலில் படம் காட்டினார்கள், இரண்டு வழி, நடைபாதை இரண்டு பக்கமும், அழகான பாலம். கைதட்டினோம். பிறகு நான் எழும்பி உடைக்கிற நாளுக்கும் திறக்கிற நாளுக்கும் இடையில் என்ன என்று கேட்டேன். பாதை என்றார். பின்னால் இருந்து ஒரு பெண், யாரென்று எனக்குத் தெரியாது, குறிஞ்சாக்கேணி என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்தப் பொறியியலாளர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார்.

பக்கத்தில் தள்ளிக் கட்டுவது பற்றி: மேல் பக்கத்தில் அடி மண் சரியில்லையாம், மிக ஆழமான சேறு, பைல் செலவு கூடுமாம். கீழ் பக்கம் பார்க்கலாம், ஆனால் அந்த வளவு வரும். நேற்றுப் பின்னேரமே நான் அந்த உம்மாவிடம் போயிருந்தேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, முன் வேலியோடு ஒரு துண்டு தரலாம், கிணற்றையும் மாமரத்தையும் தொடக்கூடாது என்றார். அதைக் கூட்டத்தில் அவரே எழும்பிச் சொன்னார். கிணற்றுக்கு இந்தப் பக்கமாகவே போகிற மாதிரிக் கோடு போட முடியுமா என்று சனிக்கிழமை அளந்து பார்க்க வருகிறார்கள். முடியாவிட்டால் பெய்லி பாலம் போடுவதற்கு விலை எடுப்பதாகச் சொன்னார்கள். வெறும் பாதை மட்டும் என்ற திட்டத்தை மாற்ற மேலே எழுதுவதாகக் கூட்டக் குறிப்பில் பதிந்தார்கள், அதன் பிரதி திங்கள் தருவார்கள்.

தண்ணீர்க் குழாய் அவர்களுடைய பட்டியலில் இல்லை. நீர் வழங்கல் ஆட்களுக்குக் கடிதம் போகும். மண் மேடை அகற்றுவதும் பழைய தூணை அடி மண்ணுக்குக் கீழே வெட்டுவதும் விலைப்பட்டியலில் தனி வரியாகச் சேர்க்கப்படும் என்றார், மீனவர் சங்கத் தலைவர் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். உடைப்பது எந்த மாதம் என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. பங்குனிக்கு முன்னால் கை வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் ஒன்று வேலைக் காலம் முழுதும் எங்கள் கரையில் நிற்க வேண்டும் என்று ஒரு தாதி கேட்டார், அது நான் யோசிக்காத விஷயம், அதையும் சேர்த்தோம்.

ஓவசியர் ஐயா, ஒரு கேள்வி மிச்சம். சனிக்கிழமை அளக்க வரும்போது வெள்ளம் வந்த உயரத்தைக் காட்டச் சொன்னார்கள். பள்ளிவாசல் சுவரிலும் பழைய சங்கக் கடைச் சுவரிலும் 2025 தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம். எதைக் காட்டுவது?


பழைய ஓவசியர்
வியாழன், இரவு 11.30

இரண்டையும் காட்டுங்கள் தம்பி. ஒன்று பாலத்துக்கு மேல் பக்கம், மற்றது கீழ் பக்கம் என்றால் அந்த ஒரு சாண்தான் பழைய பாலம் தண்ணீரை எவ்வளவு மறித்தது என்பதற்குக் கணக்கு. நாளைக்கே சுண்ணாம்பால் இரண்டு சுவரிலும் கோடு போட்டு வையுங்கள், கறை அடுத்த மழையில் கழுவுப்பட்டுப் போகும். திகதி தெரிகிற மாதிரிப் படமும் எடுங்கள்.